கூட்டினால் எட்டு

ஆறுதல் கூட்டத்துக்கு வந்த ஹரிபாபு, செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே பாஸ்வேர்டைக் கேட்டார்.

சித்தூரில், மிஷன் காம்பவுண்டை ஒட்டிய அந்த வீட்டு வாசலில் சாமியானா இன்னும் பிரிக்கப்படவில்லை. உள்ளே கூடத்தில் சபையார் பாயில் நெருக்கி உட்கார்ந்து பாட்டுப் புத்தகங்களைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். ஜெர்ரியை அடக்கம் செய்து ஒரு வாரம்கூட ஆகியிருக்கவில்லை. ஞாயிறு ஆராதனைக்கு வீட்டில் இருக்க வேண்டும் என்பதற்காகவே சனிக்கிழமைதோறும் திருப்பதியிலிருந்து பைக்கில் வருகிறவன் அவன். பாகாலா பிரிவு ரோட்டுக்குப் பக்கத்தில் ஏதோ ஒரு லாரி தட்டிவிட்டு நிற்காமல் போய்விட்டது. எந்த லாரி என்று கடைசி வரைக்கும் தெரியவில்லை.

ஹரிபாபு அவனுடைய முதலாளி. புத்தூர்ப் பக்கத்துக்காரர், தமிழும் தெலுங்கும் அவர் வாயில் கலந்தேதான் வரும். திருமலைக்கு வருகிறவர்கள் தங்கும் லாட்ஜுகளுக்கு அறை பதிவு செய்யும் சாஃப்ட்வேர் ஒன்றைத் திருப்பதியில் நடத்திக்கொண்டிருந்தார். அந்தக் கம்பெனியின் சர்வர்களை ஜெர்ரிதான் பார்த்துக்கொண்டான். காலையிலிருந்து மெஷின் திறக்கவில்லை, ஏதோ சாவி கேட்கிறது, லாட்ஜ்காரர்கள் போன் போட்டுத் திட்டுகிறார்கள் என்று வாசலில் நின்றபடியே சொன்னார். கடைசியில் உள்ளே இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி ஒன்று சொன்னார்.

"உங்க பையன் போறப்ப பூட்டிக்கினு போயிட்டான், சார்."

ஜெர்ரியின் அப்பா கிருபானந்தம், மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்து ரிட்டையர் ஆனவர். எதைப் பூட்டினான் என்று அவருக்கு விளங்கவில்லை. உள்ளே போய், விபத்து நடந்த இடத்தில் போலீஸ்காரர்கள் எடுத்துக் கொடுத்த சாவிக்கொத்தைக் கொண்டுவந்து இரண்டு கையாலும் நீட்டினார். பைக் சாவி, ரூம் சாவி, ஒரு சின்னச் சிலுவை. ஹரிபாபு அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். வாய்விட்டுச் சிரிக்கவில்லை, மூக்கால் ஒரு காற்று, அவ்வளவுதான். பின்னால் எவ்வளவோ நடந்தது. லோயிசுக்கு அந்தக் காற்றுதான் மறக்கவில்லை.

லோயிஸ் ஜெர்ரியின் அக்கா. வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் பிரிவில் அவளுக்கும் சர்வர்களோடுதான் வேலை. ஒரே தொழில் என்பதால் அக்காவுக்கும் தம்பிக்கும் போனில் சண்டை ஓயாது. அப்பாவின் கையிலிருந்த சாவிக்கொத்தை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு, கூட்டம் முடியட்டும், அப்புறம் பேசலாம் என்று ஹரிபாபுவிடம் சொன்னாள். அவர் உட்காரவில்லை. ஆயர் ஜெபத்தை ஆரம்பித்தபோது வெளியே கார் கிளம்பும் சத்தம் கேட்டது.

மறுநாள் அவளே போன் செய்தாள். திரையில் என்ன வருகிறது என்று கேட்டாள். நீலத் திரை, ரெகவரி சாவியைப் போடு என்கிறது என்றார். நீங்கள் யாராவது எதையாவது மாற்றினீர்களா என்று கேட்டாள். ஒன்றையும் மாற்றவில்லை என்றார். இரண்டாம் தடவை கேட்டதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. மாற்றத் தெரிந்தவன் ஒருத்தன்தான், அவன் செத்துப்போய்விட்டான் என்று சொல்லிப் போனை வைத்தார்.

அவள் நம்பவில்லை. நம்பாததற்குக் காரணம் பாசம் மட்டும் அல்ல. அவர் மெஷின் என்று சொல்வது இரும்புப் பெட்டி கிடையாது. ஒரு பெரிய கம்ப்யூட்டருக்குள் சாஃப்ட்வேராகவே ஓடும் இன்னொரு கம்ப்யூட்டர். வெர்ச்சுவல் மெஷின் என்பார்கள். அதன் டிஸ்க் முழுவதும் பூட்டி எழுதப்பட்டிருக்கும். பூட்டின் சாவியை வைத்திருப்பது ஒரு செக்யூரிட்டி சிப். நிஜக் கம்ப்யூட்டரில் அது விரல் நகமளவு சில்லு. இங்கே அதுவும் சாஃப்ட்வேர்தான், ஒரு சின்ன ஃபோல்டருக்குள் அடங்கிவிடும். மெஷின் கண் விழிக்கும்போது முதலில் எழுவது ஃபர்ம்வேர் என்கிற அடிப்படை நிரல். தனக்குப் பழக்கமான அதே ஃபர்ம்வேர், அதே அமைப்பு என்று தெரிந்தால்தான் சிப் சாவியைக் கொடுக்கும். ஒன்று மாறியிருந்தாலும் கொடுக்காது. அப்போதுதான் ரெகவரி சாவி என்கிற மாற்றுச் சாவியைக் கேட்டு நீலத் திரை வரும். ஜெர்ரி போன பிறகு இத்தனை நாள் ஒழுங்காக ஓடிய மெஷின் திடீரென்று நீலத் திரை காட்டுகிறதென்றால், உயிரோடு இருக்கிற யாரோ அதைத் தொட்டிருக்கிறார்கள்.

இதை அவள் யாரிடம் போய்ச் சொல்வது? அந்த வாரமே ஹரிபாபு திருப்பதியில் ஒரு ஸ்டேஷனில் புகார் கொடுத்துவிட்டார். வேலையை விட்டுப் போக நினைத்திருந்த ஊழியர் கம்பெனியின் தகவல்களை வேண்டுமென்றே பூட்டிவிட்டார் என்று. மகனின் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு கிருபானந்தம் வர வேண்டும் என்று ஆள் வந்தது. போனார். காலையில் பெஞ்சில் உட்கார வைத்தவர்கள் சாயங்காலம்தான் கூப்பிட்டார்கள். அவரிடம் படித்த ஒருவன் அங்கே கான்ஸ்டபிளாக இருந்தான். பார்த்தும் பார்க்காததுபோல இரண்டு முறை கடந்து போனானாம். அது தனக்குச் செய்த மரியாதையா அவமரியாதையா என்று சாப்பிடும்போது மகளிடம் கேட்டார். அவள் ரசம் ஊற்றினாள்.

சபையில் அதைவிட மோசம். கங்காதர நெல்லூர் போகிற ரோட்டில் துலுக்காணம் என்பவரின் கல் பட்டறையில் ஜெர்ரிக்குக் கறுப்புக் கல் ஒன்று தயாராகிக்கொண்டிருந்தது. பேரும் இரண்டு தேதியும் வெட்டியாகிவிட்டது. அதற்குக் கீழே, எஜமானுக்கு உண்மையாக இருந்த வேலைக்காரனைப் பற்றிய வசனம் ஒன்றைக் கிருபானந்தம் சொல்லியிருந்தார். சபைக் கமிட்டியின் செயலாளர் தமிழ்செல்வன் ஒரு நாள் வீட்டுக்கு வந்து டீ குடித்தார். சுகம் விசாரித்தார். கல்லறைத் தோட்டத்தில் வைக்கிற கல்லுக்குக் கமிட்டியின் அனுமதி வேண்டும் என்பது சாருக்குத் தெரியாததல்ல என்றார்.

"போலீஸ்ல பேரு இருக்கறப்ப அந்த வசனம்… நாலு பேரு சிரிக்கக் கூடாது பாருங்க சார். பேரு இருக்கட்டும். வசனத்த கேசு முடிஞ்சப்புறம் பாத்துக்கலாம்."

கிருபானந்தம் தலையாட்டினார். அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அவர் முன் வரிசையில் உட்காரவில்லை. வேதபாடம் வாசிக்கக் கூப்பிட்டபோது தொண்டை சரியில்லை என்று சொல்லிவிட்டார். கடைசி பெஞ்சில் உட்கார்ந்த அப்பாவின் பின்னந்தலையை, செருப்பு விடுகிற கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்த லோயிஸ் ஒன்றை முடிவு செய்தாள். அந்தக் கல்லில் அந்த வசனம் வெட்டப்பட வேண்டும். மற்றதெல்லாம் அதற்கப்புறம்.

வழி ஹரிபாபுவிடமிருந்தே வந்தது. ஒரு புதன்கிழமை சாயங்காலம் அவரே கூப்பிட்டார். மறுநாள் மத்தியானம் மெட்ராஸிலிருந்து ஆள் வருகிறான், சிப்பையெல்லாம் துடைத்துவிட்டு மெஷினைப் புதிதாகப் போடப்போகிறான், பழைய புக்கிங்கெல்லாம் போனது போனதுதான் என்றார்.

"உன் தம்பி எனக்கு வெச்ச ஆப்பு. உன்னால புடுங்க முடிஞ்சா அதுக்குள்ள வந்து புடுங்கு. இல்லன்னா நான் கோர்ட்ல பாத்துக்கறேன்."

துடைத்துவிட்டால் புக்கிங் மட்டும் போகாது. என்ன நடந்தது என்பதைக் காட்டுகிற தடயமும் போய்விடும். ஜெர்ரி பூட்டினான் என்ற பேச்சு ஊரில் நிலைத்துவிடும். வேலூருக்கு லீவு சொல்லிவிட்டு, மறுநாள் காலை முதல் பஸ்ஸில் திருப்பதிக்குப் போனாள்.

ஆபீஸ் ஒரு கல்யாண மண்டபத்துக்கு எதிரே இரண்டாம் மாடியில் இருந்தது. பெயர்ப் பலகையில் ஹரிபாபுவின் பேருக்கு ஆங்கிலத்தில் தேவைக்கு அதிகமாக ஒரு 'ஏ' இருந்தது. ஜெர்ரி சொல்லிச் சொல்லிச் சிரித்த பலகை. எண் கணிதம் பார்க்கிற ஒருவர் சொல்வதைக் கேட்டு முதலாளி கார் நம்பரை மாற்றினார், போன் நம்பரை மாற்றினார், நாற்காலியைத் திருப்பிப் போட்டார் என்று ஒவ்வொரு வாரமும் ஒரு கதை வரும். "சர்வர் பக்கம் இன்னும் வரலக்கா, அதுவரிக்கும் தப்பிச்சோம்" என்று கடைசியாக ஒரு தடவை சொல்லியிருந்தான்.

ஹரிபாபு அவளை உட்காரச் சொல்லவில்லை. ஜெர்ரியின் நாற்காலியைக் காலால் அவள் பக்கம் தள்ளிவிட்டார். பக்கத்து மேஜையில் தீனா இருந்தான். ஜெர்ரியோடு வேலை பார்த்தவன். கல்யாணம் ஆகி ஒரு குழந்தை உண்டு. அடக்கத்தன்று குழியருகே நின்று தேம்பித் தேம்பி அழுதவன். இன்று அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை.

அவள் தீனாவின் பேரில் பெரிய கம்ப்யூட்டருக்குள் நுழைந்து மெஷின்களின் பட்டியலைத் திறந்தாள். லாட்ஜ் புக்கிங் மெஷின் ஒன்று இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு இருந்தன. ஒன்று பழையது, அதற்கு டிஸ்க் இல்லை. இன்னொன்றுக்கு அதே பேர், வாலில் ஒரு எழுத்து கூடுதல். டிஸ்க் அதில் மாட்டியிருந்தது. ஒவ்வொரு மெஷினுக்கும் பிறக்கும்போதே ஒரு நீளமான அடையாள எண் உண்டு. இரண்டின் எண்களும் கடைசியில் வேறாக இருந்தன.

"இது யாரு மாத்தினது?" என்று கேட்டாள்.

தீனா போனை எடுத்து எதையோ தேடினான். ஹரிபாபுதான் பேசினார். ஒளிக்கிற குரலே இல்லை; அவருக்கு அது ஒளிக்க வேண்டிய விஷயமாகவே தோன்றவில்லை.

"நான்தான் மாத்தச் சொன்னேன். அந்த நம்பர மொத்தமா கூட்டிப் பாத்தா எட்டு வருதும்மா. எட்டு சனி. அதத் தொட்டுக்கினு இருந்தவன் போயிட்டான். அடுத்து யாரு, நானா? பேரையும் நம்பரையும் அஞ்சு வர்ற மாதிரி போடச் சொன்னேன். நம்பர்தான மாத்தினோம், மெஷின் அதேதான."

அவள் நாற்காலியை அவர் பக்கம் திருப்பினாள்.

"அந்த லாரி நம்பரக் கூட்டிப் பாத்தீங்களா, சார்?"

அவர் முகம் கறுத்தது. எச்சரிக்கையாகப் பேசு என்றார். அவள் எச்சரிக்கையாகவே பேசினாள். சிப்பின் ஃபோல்டர் மெஷினின் அடையாள எண்ணை வைத்துத்தான் இருக்கும் என்றாள். எண்ணை மாற்றினால், கீழே இருக்கிற பெரிய கம்ப்யூட்டருக்கு அது வேறு மெஷின். அதற்கென்று ஒரு புதுச் சிப்பைத் தானாகவே முளைக்க வைக்கும். அந்தச் சிப்புக்கு ஒன்றும் தெரியாது. இன்று காலையில் பிறந்த பிள்ளையிடம் போய், பாட்டன் நகையை எங்கே வைத்தான் என்று நீங்கள் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். சாவி இருக்கிற சிப் அதோ, டிஸ்க் இல்லாமல் கிடக்கிற பழைய மெஷினோடு இருக்கிறது.

"இத ஏன் அப்பவே அழிக்கல?" என்று தீனாவைக் கேட்டாள்.

பழையதை வெளியே தள்ள அந்த வாரம் நாள் சரியில்லை என்று எண் கணிதக்காரர் சொல்லிவிட்டாராம். மெட்ராஸ்காரர் வந்து அழிக்கட்டும் என்று விட்டுவைத்தார்களாம். இதைத் தீனா மேஜையைப் பார்த்தபடி சொன்னான். கெடுத்த நம்பிக்கையே காப்பாற்றியும் வைத்திருக்கிறது. அவளுக்கு அதில் சிரிக்க ஒன்றும் இருக்கவில்லை.

இன்னொன்றையும் அப்போதுதான் கேட்டாள். ரெகவரி சாவி என்று ஒன்று இருக்குமே, ஜெர்ரி அதை எங்கே வைத்தான்? அதை வெளியே எங்காவது வை, வெளியே எங்காவது வை என்று அவனிடம் எத்தனையோ தடவை கத்தியிருக்கிறாள்; "பத்திரமா இருக்கு அக்கா" என்பான். பாஸ்வேர்டுகள் எல்லாம் இருக்கிற பெட்டகத்தில்தான் வைத்திருந்தான் என்றான் தீனா. அந்தப் பெட்டகம் எந்த மெஷினில் ஓடுகிறது? இதே மெஷினில்தான். பூட்டின பெட்டிக்குள்ளேயே மாற்றுச் சாவி. ஒரு நிமிஷம் அவளுக்குத் தம்பி மேல் அப்படி ஒரு ஆத்திரம் வந்தது; எதிரில் இருந்திருந்தால் அறைந்திருப்பாள். அறைவதற்கு அவன் இல்லை என்பது அதற்கடுத்த நிமிஷம் நினைவுக்கு வந்தது. அது அறை வாங்குவதைவிட மோசமாக இருந்தது.

டிஸ்க்கைக் கழற்றிப் பழைய மெஷினில் மாட்டினாள். இயக்கினாள். மறுபடியும் நீலத் திரை.

"பாத்தியா?" என்றார் ஹரிபாபு. "எட்டோ அஞ்சோ, பூட்டு உன் தம்பிதுதான். பெருசா கத சொன்ன."

அவள் மெஷினை நிறுத்தி மறுபடி இயக்கி, அது கண் விழிக்கிற நொடியில் விசையை அழுத்தி ஃபர்ம்வேருக்குள் போனாள். சாம்பல் நிறத் திரை. பழைய காலத்து எழுத்து. சிப்புக்கென்று ஒரு பக்கம். அதில் சிப்பைத் துடைத்துவிடு என்று ஒரு வரி. ஹரிபாபுவின் விரல் அவள் தோளுக்கு மேலாக வந்து அந்த வரியைத் தொட்டது.

"இதான். மெட்ராஸ்காரன் இதத்தான் அழுத்தணும்னான். அழுத்து."

"கைய எடுங்க."

"என் ஆபீஸ்ல என்ன கைய எடுன்றியா?"

"அத அழுத்தினா சாவி செத்துடும். அப்புறம் உங்க லாட்ஜ்காரங்களுக்கு நீங்கதான் பதில் சொல்லிக்கினு இருக்கணும். எடுங்க."

விரல் போயிற்று. திரையில் ஈரத் தடம் இருந்தது. அவள் துப்பட்டா நுனியால் துடைத்தாள். எதை மாற்றியிருப்பார்கள்? பக்கம் பக்கமாகத் திருப்பினாள். அப்போது தீனா, யாரையும் பார்க்காமல், தொண்டையைச் செருமிக்கொண்டு பேசினான். போன வாரம் மெட்ராஸ்காரர் போனில் சொல்லச் சொல்லத் தான் பழைய மெஷினிலும் ஒன்றை மாற்றினதாகச் சொன்னான். ஃபர்ம்வேரில் இருக்கிற செக்யூர் பூட் என்ற காவலை அணைத்துவிட்டானாம். வேறு எதையும் தொடவில்லையாம்.

"நெஜமா வேற ஒண்ணும் இல்லியா?"

"என் கொழந்த மேல சத்தியமா இல்லக்கா."

அவள் அதை மறுபடி போட்டாள். சேமித்து வெளியே வந்தாள். கறுப்புத் திரை, ஒரு வட்டம் சுற்றியது. நீலம் வரவில்லை. சிப் தன் பழைய ஃபர்ம்வேரை அடையாளம் கண்டுகொண்டு சாவியைக் கொடுத்துவிட்டது. உள்ளே நுழைகிற திரை எழுந்து நின்றது.

கடைசியாக உள்ளே இருந்தவனின் பேரும் படமும் அதில் வந்தன. அறுப்பின் பண்டிகையன்று எடுத்த படம். அப்பாவின் டை, அளவு பெரிதாக, கழுத்தில் தொங்கியது. லோயிஸ் படத்தைப் பார்க்காமல் விசைப்பலகையைப் பார்த்தாள். ஹரிபாபு தன் பேரில் உள்ளே நுழைந்து பார்த்தார். புக்கிங் எல்லாம் அப்படியே இருந்தது. ஜெர்ரி சனிக்கிழமை சாயங்காலம் விட்டுப் போன ஒரு குறிப்புகூட, திங்கள் செய்ய வேண்டியது என்று, அங்கேயே கிடந்தது.

அவர் நன்றி சொல்வார் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. ஆனால் அவர் செய்ததையும் எதிர்பார்க்கவில்லை. போனை எடுத்து, லாட்ஜ் சங்கத்துக்காரர் ஒருவரிடம், அவள் எதிரிலேயே, உற்சாகமாகத் தெலுங்கில் சொன்னார்: தெரிந்துவிட்டது, திறந்துவிட்டோம், அந்தப் பையன் பூட்டினதை அவன் அக்காவைப் பிடித்துக் கொண்டுவந்து திறக்க வைத்தேன்.

அவர் பேசி முடிப்பதற்குள் லோயிஸ் மெஷினை அணைத்தாள். டிஸ்க்கைக் கழற்றி, அஞ்சு வருகிற புது மெஷினில் மாட்டினாள். இயக்கினாள். நீலத் திரை சாவி கேட்டுக்கொண்டு வந்து நின்றது. நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள்.

"இன்னாம்மா பண்ண?"

"ஒண்ணும் பண்ணல சார். நீங்க வெச்ச நம்பரையே வெச்சிட்டேன். உங்களுக்கு ராசியான மெஷின் இதான். வெச்சிக்கினு ஆளுங்க."

அவர் கத்தினார். மிரட்டுகிறாயா என்றார். போலீசைக் கூப்பிடுவேன் என்றார். பொம்பளை என்று பார்க்கிறேன் என்றார். அவள் கூப்பிடச் சொன்னாள். வரட்டும், ரெண்டு மெஷினையும் அவங்க எதிர்ல ஓட்டிக் காட்டறேன். எது திறக்குது, எது திறக்கல, யாரு மாத்தச் சொன்னதுன்னு அவங்களே பாக்கட்டும் என்றாள். குரலை உயர்த்தவே இல்லை. உயர்த்தினால் அழுகை வந்துவிடும் என்று அவளுக்குத் தெரியும்; இந்த ஆளின் எதிரில் அது நடக்கக் கூடாது.

சுவரில் இருந்த சாமி படத்துக்கு முன்னால் ஒரு சின்ன பல்பு விட்டு விட்டு எரிந்தது. கீழே மண்டபத்தில் யாருக்கோ மேளம். ஹரிபாபுவின் போன் அடித்தது, நின்றது, மறுபடி அடித்தது. லாட்ஜ்காரர்கள்.

"இன்னா வேணும் உனக்கு?"

சொன்னாள். லாட்ஜ்காரர்கள் எல்லாரும் இருக்கிற வாட்ஸ்அப் குரூப்பில் அவருடைய குரலிலேயே சொல்ல வேண்டும். ஸ்டேஷனுக்குப் போன் போட்டுப் புகாரை வாபஸ் வாங்க வேண்டும். வேறு ஒன்றும் வேண்டாம்.

அவர் போனை வாயருகே வைத்துக்கொண்டு பேசினார். டெக்னிகல் தப்பு, நம்ம ஆபீஸ் ஆள் தீனா ஒரு நம்பரை மாற்றிவிட்டான், அதனால் வந்த வினை, ஜெர்ரி மேல் தப்பில்லை. அனுப்புவதற்குள் லோயிஸ் கையை நீட்டித் தடுத்தாள். தீனா தலையைக் குனிந்துகொண்டான்.

"மாத்தச் சொன்னது யாரு?"

"செஞ்சது அவன்தான?"

"சொன்னது யாரு, சார்? திரும்பப் பேசுங்க."

அவர் அவளைப் பார்த்த பார்வையில் விஷம் இருந்தது. திரும்பப் பேசினார். நான் மாற்றச் சொன்னேன் என்ற இடத்தில் குரல் மூக்குக்குள் போய்விட்டது, இருந்தாலும் கேட்டது. அனுப்பினார். ஸ்டேஷனுக்கும் பேசினார். அதன் பிறகு அவள் உட்கார்ந்து பழைய எண்ணுள்ள மெஷினை மறுபடி எழுப்பினாள். பெட்டகத்திலிருந்த ரெகவரி சாவியை எடுத்து, ஆபீசின் வேறொரு மெஷினிலும் அவருடைய போனிலும் ஏற்றிக் கொடுத்தாள். ஜெர்ரி செய்யாமல் விட்ட அந்த ஒரு வேலை. அவனுக்காகச் செய்தாள், ஹரிபாபுவுக்காக அல்ல. புறப்படும்போது அவர், கிழக்கே பார்த்துத் திரும்பியிருந்த நாற்காலியிலிருந்து, இனிமேல் உங்கள் குடும்பத்து ஆள் யாரும் இந்தப் படி ஏறக் கூடாது என்றார். ஏறுவதற்கு இனி யாரும் இல்லை என்று அவள் சொல்லவில்லை.

படியில் பாதி இறங்கியபோது தீனா பின்னால் வந்தான். நன்றி சொல்ல வருகிறான் என்று நினைத்தாள்.

"ஏங்க்கா என்ன நடுவுல இழுத்தீங்க? அவரு என் பேர சொன்னா சொல்லிட்டுப் போறாருன்னு உட்டிருக்கலாமே. இப்ப அவரு வாயாலயே சொல்ல வெச்சிட்டீங்க. நாளிக்கு என்ன உள்ள உடுவாரா? என் கொழந்தயும் துன்னணும்ல?"

"உனக்கு அன்னிக்கே தெரியும். எங்க நைனா ஸ்டேஷன் பெஞ்சில உக்காந்துக்கினு இருந்தாரே, அன்னிக்கும் தெரியும்."

அவள் இறங்கிப் போய்விட்டாள். அவன் மேல் பழி விழாமல் தடுத்தது அவனுக்காகவா, ஹரிபாபு தப்பிக்கக் கூடாது என்பதற்காகவா என்று சந்திரகிரி தாண்டும் வரைக்கும் யோசித்தாள். இரண்டாவதுதான்.

குரூப்பில் போன குரல் அன்று மாலையே சித்தூருக்கு வந்துவிட்டது. யாரோ ஒரு லாட்ஜ்காரருக்குச் சபையில் சொந்தக்காரர் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பலர் கிருபானந்தத்தின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். எங்களுக்கு அப்போதே தெரியும் சார் என்றார்கள். தமிழ்செல்வன் சாயங்காலம் கல் பட்டறைக்கே வந்துவிட்டார். துலுக்காணம் உளியும் சுண்ணக்கோடு போடும் நூலுமாகத் தயாராக இருந்தார். லோயிஸ் வசனத்தை எழுத்துப் பிசகாமல் செல்போனில் எடுத்து வைத்திருந்தாள்.

"கமிட்டில பேசிட்டேன் சார்," என்றார் தமிழ்செல்வன். "ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல. வசனத்த இப்ப தாராளமா போட்டுக்கலாம்."

கிருபானந்தம் கல்லைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். பேருக்குக் கீழே பளபளப்பாக இருந்த இடத்தில் அவருடைய சட்டையின் வெள்ளை தெரிந்தது.

"வசனம் வேணாம்," என்றார்.

தமிழ்செல்வன் சரியாகக் கேட்கவில்லையோ என்று குனிந்தார்.

"வேணாம்பா. பேரும் தேதியும் போதும். நீங்க நிறுத்தி வெச்சது உங்க கிட்டயே இருக்கட்டும். வேற யாருக்காச்சும் ஒதவும்."

தமிழ்செல்வன் கல்தூள் படிந்த பைக்கைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். லோயிசுக்குக் கோபம் தலைக்கு ஏறியது. அதற்காகத்தானே போனேன், அந்த ஆள் எதிரில் அவ்வளவு நேரம் உட்கார்ந்தேன், அதற்காகத்தானே என்று அப்பாவிடம் அங்கேயே, துலுக்காணம் எதிரிலேயே சண்டை போட்டாள். தம்பி இறந்த பிறகு அவள் குரல் உயர்ந்தது அதுதான் முதல் தடவை.

"நீ போனது அவனுக்காகம்மா," என்றார் கிருபானந்தம். "வசனம் அவனுக்கு இல்ல. வந்து படிக்கிறவங்களுக்கு. அவங்க படிக்க வேணாம்."

அவள் திரும்பி ரோட்டைப் பார்த்து நின்றாள். லாரிகள் போய்க்கொண்டிருந்தன. ஒவ்வொன்றின் பின் நம்பரையும் அவள் கண் தானாகவே படித்தது, கூட்டவில்லை. துலுக்காணம் கொஞ்ச நேரம் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு உளியைக் கீழே வைத்துவிட்டு, வெறுமையாக இருந்த அந்த இடத்தை மறுபடியும் பாலிஷ் போட ஆரம்பித்தார்.